மூன்று அடுக்கில் ஓடாதது நான்காம் அடுக்கில் ஓடும்: மென்படலங்களில் பிறக்கும் மின்சாரமும் காந்தமும்

சென்ற பொங்கல் விழாவன்று சங்கத்து அரங்கில் பட்டிமன்றம் முடிந்து, சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்ற அம்மையார் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆர்.கே.புரத்தில் முப்பது வருஷமாக இருக்கும் குடும்பம். அவருடைய மகளைச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வந்துபோன பெண். பொறியியல் முடித்து, குருகிராமில் நல்ல சம்பளத்தில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது.

"சார், நீங்க காலேஜ்ல ஃபிசிக்ஸ் சொல்லிக் குடுத்தவங்க. நீங்களாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவ அங்க என்னதான் பண்றா? கேட்டா, 'மூணு அடுக்கு போட்டா கரண்ட் போகாதும்மா, நாலாவது அடுக்கு போட்டா போகும்'ங்கறா. இதைக் கண்டுபிடிக்கவா வேலையை விட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்து, இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போன பதிலை, மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதைச் சாக்காக வைத்து இங்கே எழுதுகிறேன். அந்த அம்மையார் மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு "என்ன படிக்கிறான்?" என்று உறவினர் கேட்டால் விழிக்கும் பெற்றோர் நம்மில் பலர் உண்டு.

கூடினால் பிறக்கும் குணம்

தண்ணீரின் ஒற்றை மூலக்கூறை எடுத்துக்கொண்டு, இது ஈரமா, உலர்ந்ததா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. ஈரம் என்பது கோடானுகோடி மூலக்கூறுகள் கூடிய பிறகு வருகிற சங்கதி. இரும்பின் ஒற்றை அணு தானாக ஒரு ஆணியை இழுக்கும் காந்தம் ஆகாது. அணுக்கள் அருகருகே அமைந்து, ஒன்றை ஒன்று பார்த்து ஒரே திசையில் திரும்பிக்கொண்டால்தான் காந்தம். இப்படித் தனியாளிடம் இல்லாமல் கூட்டத்தில் மட்டும் எழுகிற குணத்தை விஞ்ஞானிகள் 'எமர்ஜென்ட்' என்கிறார்கள். தமிழில் கூட்டுக்குணம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கருத்துக்கு இயற்பியலில் ஒரு மரியாதையான இடத்தை வாங்கிக்கொடுத்தவர் அமெரிக்கரான ஃபிலிப் ஆண்டர்சன். 1972-ல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பையே 'கூடினால் வேறு' என்று தமிழாக்கலாம். சிறு துகள்களின் விதிகளைக் கண்டுபிடித்துவிட்டால் உலகமே புரிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு மிதப்பு இருந்தது. ஆண்டர்சன் அதை மறுத்தார். எண்ணிக்கை கூடும் ஒவ்வொரு படியிலும் புது விதிகள் முளைக்கின்றன, அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும் என்றார். 1977-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987-ல், உயர்வெப்ப மீக்கடத்திகள் உலகையே பரபரப்பாக்கியபோது, ஆண்டர்சனோடு சேர்ந்து அவற்றுக்கான கோட்பாட்டை எழுதியவர்களில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சரி, கூட்டுக்குணம் நமக்குப் புதிதா? அரிசியைத் தனியாக அரைத்து வைத்துப் பாருங்கள். பஞ்சு போன்ற இட்லி அதிலிருந்து வராது. உளுந்தும் தனியாக இட்லி ஆகாது. இரண்டையும் கலந்து ஓர் இரவு வைத்தால் மாவு பொங்குகிறது. ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பொங்கவைப்பது அரிசியும் உளுந்தும் மட்டுமா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்ற மூன்றாவது ஆளும் உள்ளே இருக்கிறான். தில்லி டிசம்பர் குளிரில் அவன் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டால் மாவு அசையாது என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லோருக்கும் தெரியும். இந்த மூன்றாவது ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவான்.

ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும்?

தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்கரேக்கைப் பார்த்திருப்பீர்கள். ஊதினால் பறந்துவிடும். 1879-ல் அமெரிக்க மாணவர் எட்வின் ஹால் அப்படியொரு தங்கரேக்கைக் கண்ணாடியில் ஒட்டி, மின்சாரம் பாய்ச்சி, குறுக்கே காந்தத்தை வைத்தார். ரேக்கின் ஓரங்களுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் எழுந்தது. ஒரே அளவு மின்சாரத்துக்கு, தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அதிக அழுத்தம். தடிமனான உலோகத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவு சிறியதாக இருப்பது, ரேக்கில் அளவிக்கு எட்டுகிறது. ஹால் விளைவு என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

இன்று பேசப்படும் மென்படலங்கள் தங்கரேக்கைவிட நூறு மடங்குகூட மெல்லியவை. அணு அடுக்குகளை எண்ணிச் சொல்கிற அளவு. அந்த அளவுக்கு வந்தவுடன் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. எலக்ட்ரான் மேலும் கீழும் போக இடமில்லாமல் ஒரு தளத்துக்குள் அடைபடுகிறது. ஒண்டுக்குடித்தனத்தில் எல்லோரும் எல்லோரையும் உரசிக்கொண்டுதான் வாழவேண்டும் என்பது போல, எலக்ட்ரான்களின் பரஸ்பர உறவு வலுக்கிறது. இன்னொன்று, பொருளில் எல்லையின் பங்கு பெரிதாகிவிடுகிறது. ஒரு செங்கல்லில் மேற்பரப்பு அணுக்கள் அற்ப விகிதம். நான்கு அடுக்குப் படலத்தில் ஏறக்குறைய எல்லா அணுவும் எல்லையோரத்து ஆள்தான். எல்லையில் அக்கம்பக்கம் வேறு. அதனால் குணமும் வேறு.

இந்த எல்லையோரத்து விளையாட்டு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1988-ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள். இரும்பு, குரோமியம், இரும்பு என்று சுமார் ஒரு நானோமீட்டர் கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கினால், நடுவிலுள்ள குரோமியத்தின் தடிமனைப் பொறுத்து இரண்டு பக்கத்து இரும்பும் எதிரெதிர்த் திசையில் காந்தமாகி நிற்கும். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. தன் சுழற்சிக்கு ஒத்த திசையில் காந்தமான அடுக்கில் அது சுலபமாக ஓடும், எதிர்த்திசை அடுக்கில் முட்டும். அடுக்குகள் எதிரெதிராக இருந்தால் எந்த எலக்ட்ரானும் ஏதோ ஒன்றில் முட்டியே ஆகவேண்டும். வெளியிலிருந்து காந்தம் காட்டி எல்லா அடுக்கையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டால் ஒரு சாராருக்குப் பாதை முழுவதும் திறந்துவிடுகிறது, மின்தடை விழுகிறது. ஃபெர்ட்டின் படலத்தில், கடுங்குளிரில், தடை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. இரும்பில் மட்டுமோ குரோமியத்தில் மட்டுமோ இந்த அளவு இல்லை.

1997-ல் இதே விளைவை வைத்து ஐ.பி.எம். கம்பெனி கணினி வட்டுகளைப் படிக்கும் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வட்டில் அதே இடத்தில் பல மடங்கு தகவலை அடைக்க முடிந்தது. ஒன்பதே ஆண்டில் ஆய்வுக்கூடத்திலிருந்து மேஜைக்கு! 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு. பின்னர் வந்த வட்டுகளில் இதன் தம்பி முறையான வேறொரு மென்படல விளைவு இடம்பிடித்துக்கொண்டது. ஆனால் வழியைத் திறந்தது அண்ணன்தான்.

அடுக்குவது எப்படி?

இரண்டாயிரம் வார்த்தைக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் போகலாம். ஆனால் அந்தப் பெண்ணின் பகல்பொழுது முழுவதும் இதில்தான் போகிறது என்பதால் கொஞ்சம் நிற்கிறேன்.

காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுப் பாத்திரம். உள்ளே ஒரு பக்கம், எந்தப் பொருளைப் படலமாக்க வேண்டுமோ அதை வில்லையாக அழுத்தி வைத்திருக்கிறார்கள். எதிரே, விரல் நகத்தளவு படிகப் பலகை, எழுநூறு எண்ணூறு டிகிரிச் சூட்டில். வெளியிலிருந்து புற ஊதா லேசர் துடிப்புத் துடிப்பாக வில்லையை அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் வில்லையிலிருந்து கொஞ்சம் பொருள் ஆவியாகி, தீபச் சுடர் போல எழுந்து பலகையில் படிகிறது. பல பத்து அடிகளுக்கு ஓர் அடுக்கு. அடுக்கை எண்ணுவதற்கும் வழி உண்டு. பலகையைத் தொட்டும் தொடாமலும் ஓர் எலக்ட்ரான் கற்றையைச் சாய்வாக விடுவார்கள். பரப்பு வழவழப்பாக இருந்தால் பிரதிபலிப்பு பளிச்சென்று இருக்கும், பாதி அடுக்கு படிந்து மேடும் பள்ளமுமாக இருக்கையில் மங்கும், அடுக்கு நிறைந்ததும் மறுபடி பளிச்சிடும். திரையில் அலை எழுந்து விழுந்தால் ஓர் அடுக்கு. நான்கு அலை எண்ணி லேசரை நிறுத்தினால் நான்கு அடுக்கு. ஐந்தாவது பாதியில் கவனம் தவறினால் அன்றைய உழைப்பு போச்சு.

1987-ல் அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் உயர்வெப்ப மீக்கடத்திப் படலங்களை இந்த லேசர் முறையில் செய்துகாட்டி, முறைக்கே பெயர் வாங்கிக்கொடுத்த குழுவை நடத்தியவர் திருமலை வெங்கடேசன், நம் ஐ.ஐ.டி.களில் படித்துப் போனவர். இன்று உலகெங்கும் ஆக்சைடுப் படலம் செய்கிற கூடங்களில் பெரும்பாலும் இந்த லேசர் பாத்திரம் ஒன்றாவது இருக்கும்.

இரண்டு கடத்தாப்பொருள், நடுவே ஓர் ஓடை

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வரலாம்.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்று ஒரு படிகம். கண்ணாடி மாதிரி இருக்கும், மின்சாரம் கடத்தாது. 1950-களில் இதைப் பட்டை தீட்டி வைரத்துக்குப் பதிலாக விற்றார்கள். நிஜ வைரத்தைவிட அதிகமாக வர்ணம் காட்டும், ஆனால் சீக்கிரம் கீறல் விழுந்துவிடும். லாந்தனம் அலுமினேட் இன்னொரு படிகம். அதுவும் கடத்தாது. 2004-ல் அகிரா ஓட்டோமோ, ஹரோல்ட் ஹுவாங் இருவரும் முதல் படிகத்தின் மேல் இரண்டாவதை மென்படலமாக வளர்த்துப் பார்த்து, 'நேச்சர்' இதழில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்சாரம் ஓடுகிறது! உலோகம் போல எலக்ட்ரான்கள் ஒரு தளத்தில் திரிகின்றன. மேலே உள்ளதும் கடத்தாது, கீழே உள்ளதும் கடத்தாது, நடுவில் ஓடை.

ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் கணக்குப்பிள்ளைக்குப் புரியும். கீழ்ப்படிகத்தின் ஒவ்வோர் அணுத்தளமும் வரவும் செலவும் சரியாகி, மின்னேற்றம் பூஜ்யம். மேல்படிகத்தில் அப்படியில்லை. லாந்தனம் உள்ள தளம் கூட்டல் ஒன்று, அலுமினியம் உள்ள தளம் கழித்தல் ஒன்று, மறுபடி கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. மொத்தத்தில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஜோடி வைக்கும்போதும் உள்ளே மின்னழுத்தம் ஒரு படி ஏறுகிறது. அடைக்காத கடனுக்கு வட்டி ஏறுவது போல. ஒரு கட்டத்தில் இயற்கை தாங்காது. மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் இறங்கி எல்லையில் வந்து சேர்ந்து கடனை அடைக்கின்றன. கணக்குப்படி ஒரு கட்டத்துக்கு அரை எலக்ட்ரான் இறங்க வேண்டும். அரை எலக்ட்ரானா என்று கேட்காதீர்கள். இரண்டு கட்டத்துக்கு ஒன்று என்று பொருள்.

2006-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யோகன் மான்ஹார்ட் குழுவினர் அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டு அளந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று அடுக்கு வரை அளவி அசையவில்லை. நான்காவது வைத்ததும் திடீரென்று மின்சாரம் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவில்லை, ஒரே தாவல். நான்கு அடுக்கு என்றால் சுமார் 1.6 நானோமீட்டர். ஒரு தலைமுடியை ஐம்பதாயிரம் தோலாக உரிக்க முடிந்தால் ஒரு தோலின் கனம்.

மூன்று அடுக்கில் நிறுத்தினால் விஷயம் இன்னும் சுவாரசியம். கடன் விளிம்பு வரை ஏறி நிற்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போதும். 2008-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜெரமி லெவி குழுவினர், மூன்று அடுக்குப் படலத்தின் மேல் மின்னழுத்தம் ஏற்றிய ஊசி முனையை நகர்த்தினார்கள். ஊசி போன தடத்தில் மட்டும் அடியில் மின்சாரம் ஓடியது. அழுத்தத்தை மாற்றி ஊசியைத் திரும்ப ஓட்டினால் தடம் அழிந்தது. சிலேட்டில் பலப்பத்தால் எழுதி எச்சில் தொட்டு அழித்த தலைமுறை நாம். அதையே சில நானோமீட்டர் அகலத்தில், மின்கம்பி எழுதி அழிக்கிறார்கள்.

2007-ல் அடுத்த ஆச்சரியம். ஜெனீவா, ஆக்ஸ்பர்க் குழுக்கள் இந்த எல்லையைத் தனிப்பூஜ்யத்துக்கு மேல் வெறும் 0.2 டிகிரி வரை குளிர்வித்தபோது, ஓடை மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிவிட்டது. அதே ஆண்டு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு அதே எல்லையில் காந்தத்தின் அடையாளங்களைப் பார்த்ததாகச் சொன்னது. இரண்டு மூலப்பொருளும் காந்தமல்ல. பொதுவாகக் காந்தமும் மீக்கடத்தியும் எலியும் பூனையும். ஒரே எல்லையில் இரண்டுமா? 2011-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று ஸ்டான்ஃபோர்டில், மற்றது எம்.ஐ.டி.யில், ஒரே துண்டில் மீக்கடத்தலும் காந்தத் திட்டுகளும் சேர்ந்திருப்பதை அளந்து காட்டின.

மூன்றாவது ஆள்

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். முடியவில்லை.

கணக்குப்படி வரவேண்டிய எலக்ட்ரான் எண்ணிக்கையில் பெரும்பாலான துண்டுகளில் பத்தில் ஒரு பங்குதான் ஓடுகிறது. மற்றவை எங்கே? இன்னொரு பக்கம், ஆக்சிஜன் குறைவான பாத்திரத்தில் வளர்த்த துண்டுகளில் கணக்கைவிட மிக அதிகமாக எலக்ட்ரான்கள். அங்கேதான் நம் இட்லி மாவின் மூன்றாவது ஆள் வருகிறான். லேசர் அடிக்கும் சூட்டில் கீழ்ப்படிகத்திலிருந்து ஆக்சிஜன் அணு ஒன்று கழன்றுபோனால், அது விட்டுப்போன இடம் இரண்டு எலக்ட்ரான்களைத் தானமாகக் கொடுக்கும். அப்படியானால் ஓடை ஓடுவது அடுக்குகளின் கூட்டுக்குணமா, அல்லது சமையலில் நேர்ந்த குறையா? ஆரம்பகாலத் துண்டுகள் சிலவற்றில் ஓடிய மின்சாரத்தின் கணிசமான பங்கு இந்தக் காலி இடங்களின் உபயம் என்பது பிறகு தெளிவானது. ஆனால் ஆக்சிஜனை நிறையக் கொடுத்து ஆற்றிய துண்டுகளிலும் நான்காம் அடுக்குத் தாவல் இருக்கிறது. வெறும் குறை என்றால் அது ஏன் நான்கு வரை காத்திருக்க வேண்டும்? என் கணிப்பில், இரண்டு தரப்பும் பாதி உண்மை சொல்கிறார்கள். கடன் ஏறுவது நிஜம், அதை யார் அடைக்கிறார்கள் என்பது துண்டுக்குத் துண்டு மாறுகிறது.

காந்தத்தின் நிலைமை இன்னும் சங்கடம். 2011-லேயே நியூட்ரான் கற்றையால் சோதித்த வேறொரு குழு, இந்த எல்லையில் காந்தம் இருந்தாலும் அது மிக மிகச் சொற்பம் என்று ஓர் உச்சவரம்பு கட்டிவிட்டது. ஒருவர் துண்டில் இருப்பது இன்னொருவர் துண்டில் இல்லை. இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு வரவில்லை.

இதில் ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர் சதுரத் துண்டின் மேல் நான்கு அடுக்குப் படலத்தை முழுவதும் சுரண்டி உருட்டினால், அந்த உருண்டையின் விட்டம் சுமார் 0.04 மில்லிமீட்டர்தான் வரும். வெயிலில் மிதக்கிற தூசி அளவு. அதன் காந்தத்தைத்தான் அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய ஓர் இரும்புத் துகள் மூலையில் ஒட்டியிருந்தால் அளவி அந்த இரும்பைத்தான் காட்டும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2004-ல் ஹாஃப்னியம் ஆக்சைடு என்ற, காந்தமே இல்லாத பொருளின் படலம் காந்தமாக இருக்கிறது என்று பெரிய இதழில் செய்தி வந்தது. பல கூடங்களில் உற்சாகம். மறு ஆண்டே வேறொரு குழு பொறுமையாகச் சோதித்து, சுத்தமான படலத்தில் காந்தம் இல்லை, ஆனால் எஃகு இடுக்கியால் பிடித்த துண்டில் அதே மாதிரிக் காந்தம் வருகிறது என்று எழுதியது. இடுக்கி பட்ட இடத்தில் ஒட்டிய இரும்பு! அதன் பிறகு பல கூடங்களில் எஃகு இடுக்கிக்குப் பதில் பிளாஸ்டிக் இடுக்கி வந்தது.

கூட்டுக்குணமா, அழுக்கா என்ற இந்தக் கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. ஆராய்ச்சி மாணவர்களின் ஆண்டுகள் அதில்தான் கரைகின்றன.

சந்தேகமில்லாத சில

எல்லாமே வழக்கில் இருப்பதாக நினைக்க வேண்டாம். 2017-ல் குரோமியம் அயோடைடு என்ற படிகத்தை ஒட்டுநாடாவால் உரித்து ஒற்றை அடுக்காக்கினார்கள். ஓர் அடுக்கிலேயே, சுமார் 45 கெல்வினுக்குக் கீழே, காந்தம் இருந்தது. இரண்டு அடுக்கு ஆனதும் அவை எதிரெதிராகத் திரும்பிக்கொண்டு காந்தம் பூஜ்யம். மூன்று அடுக்கில் மறுபடியும் காந்தம். ஒற்றைப்படை, இரட்டைப்படை விளையாட்டு.

அதற்கு முன்பே, 2013-ல், சீனாவின் ஷ்வே சிகுன் குழு ஐந்து ஐந்தடுக்குகள் கொண்ட பிஸ்மத், ஆன்டிமனி, டெலூரியம் படலத்தில் கொஞ்சம் குரோமியம் கலந்து, 30 மில்லிகெல்வினில் அளந்தது. வெளிக்காந்தமே வைக்காமல், படலத்தின் சொந்தக் காந்தத்தாலேயே, ஹால் தடை 25,813 ஓம் என்ற எண்ணில் வந்து நின்றது. இந்த எண் துண்டின் அளவைப் பொறுத்ததோ, அழுக்கைப் பொறுத்ததோ அல்ல. இயற்கையின் இரண்டு மாறிலிகளை வைத்து வருவது. மின்சாரம் படலத்தின் ஓரமாக, ஒருவழிப்பாதையில், சிதறாமல் ஓடுவதன் அடையாளம் அது. எட்வின் ஹாலின் தங்கரேக்கிலிருந்து 134 ஆண்டுகள்.

நம் நாட்டிலும் நடக்கிறது. லாந்தனம் டைட்டனேட், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் எல்லையில் மீக்கடத்தலைக் காட்டிய 2010-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் படலங்களை வளர்த்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆர்.சி. புதானியின் குழுவினர், அளந்தவர்கள் பாரிஸில். மொஹாலியின் நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொட்டாசியம் டான்டலேட் படிகத்தின் எல்லைகளை ஆராய்கிறார்கள். அந்தப் படிகத்தின் எல்லை ஒன்றில் இரண்டு கெல்வினுக்குச் சற்று மேலேயே மீக்கடத்தல் வருவதாக 2021-ல் அமெரிக்க ஆர்கான் ஆய்வுக்கூடம் காட்டியது. பழைய 0.2-க்கு இது பத்து மடங்கு. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2030-31 வரைக்குமான திட்டம். அதில் பொருள்கள், கருவிகள் பற்றிய மையம் நம் ஹௌஸ் காஸில், தில்லி ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில்.

அந்தப் பெண்

பொங்கல் கழிந்த மூன்றாம் ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. தாய்க்குச் சொல்லாத சங்கதியை என்னிடம் சொன்னாள்.

அவளுடைய படலத்தில் மின்சாரத்தோடு காந்தமும் தெரிந்திருக்கிறது. அறை வெப்பநிலையிலேயே. ஒன்றரை வருஷம் பதினாறு துண்டுகளில் அளந்து, கட்டுரையும் எழுதியாகிவிட்டது. அனுப்புமுன் வழிகாட்டும் பேராசிரியர், படலம் போடாத வெறும் பலகையையும் ஒரு தடவை அளந்து வை என்றிருக்கிறார். அளந்தாள். வெறும் பலகையிலும் அதே காந்தம்.

"எங்கேருந்து வந்ததுன்னு தேடினேன் மாமா. பலகையைச் சூடேத்தற தட்டுல வெள்ளிப் பசை போட்டு ஒட்டுவோம். அப்புறம் எடுத்து, பின்பக்கம் ஒட்டியிருக்கற பசையை பிளேடால சுரண்டுவேன். அந்த பிளேடுதான். நானேதான் பதினாறு துண்டுலயும் இரும்பைத் தடவியிருக்கேன்."

உள்ளேயிருந்து காபியோடு வந்த அம்மா கடைசி வரியைக் கேட்டுவிட்டார். "அப்ப ஒன்றரை வருஷமும் வீணா?"

"காந்தம் போச்சும்மா. நாலாவது அடுக்குல கரண்ட் போறது போகலை. அதை எத்தனை தடவை அளந்தாலும் வருது."

நான் அந்த அம்மையாருக்கு இந்தக் கட்டுரையில் எழுதியதில் பாதியைச் சொன்னேன், தங்கரேக்கையும் இட்லி மாவையும் வைத்து. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிளேடுக்குப் பதிலா வேற என்ன வச்சுச் சுரண்டுவே?" என்று மகளைக் கேட்டார். நல்ல கேள்வி. பீங்கான் கத்தி வாங்கியிருக்கிறார்களாம்.

அனுப்பாமல் நிறுத்திய கட்டுரையை அவள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக வைக்கப்போகிறாள், பிளேடு உட்பட. புதுப் பலகைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் முதலில் வெறுமையாக அளந்து, குறித்து வைத்த பிறகுதான் லேசரைத் தொடுகிறாள். நான் இதை எழுதும் வரை பதினொரு துண்டு முடிந்திருக்கிறது. எட்டில் மின்சாரம் ஓடுகிறது. காந்தம் இதுவரை ஒன்றிலும் இல்லை.